ஆசாரியாரின் நோயும் என் நோயும்

(சிதறால் யாத்திரைக்கு வந்திருந்த குடும்பங்களிடையே நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னை ஏலாதி பற்றிப் பேசுமாறு பணித்திருந்தார்கள். அதற்கான குறிப்புகளும் எழுதி வைத்திருந்தேன். ஆனால் சென்ற ஆண்டு இதே போன்றதொரு கூட்டத்தின் முடிவில், உணவுப் பந்தியில் என் அருகே அமர்ந்த மூன்று தாய்மார்கள் ஒருவரையடுத்து ஒருவராக ஒரே குறையைச் சொன்னார்கள்: கால் மரத்துப்போகிறது, நாக்கு எரிகிறது, உண்டது உடம்பில் ஒட்டுவதில்லை. அதைக் கேட்ட நாள் முதல் இதைப் பேசிவிட வேண்டும் என்று இருந்தேன். ஏலாதியை முற்றிலும் விட்டுவிடவில்லை. ஏலாதி பாடிய கணிமேதாவியாரும், சிறுபஞ்சமூலம் பாடிய காரியாசானும் நம் சமயத்துப் புலவர்கள். இருவரும் தம் நீதிநூலுக்கு மருந்தின் பெயரையே இட்டார்கள். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் சேர்ந்ததே ஏலாதி. சிறுநாவற்பூ நீங்கலாக மற்ற ஐந்தும் என் அடுக்களையில் எந்நாளும் இருந்தன. என் வயிற்றுக்கு அவை உதவவில்லை. ஏன் உதவவில்லை என்பதுதான் என் பேச்சு.

நான் பிறந்தது வந்தவாசி வட்டத்தில். முதுகலைத் தமிழ் முடித்து ஆசிரியப் பணி கிடைத்து நாகர்கோவில் வந்தவள், இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது எனக்கு அகவை 67. நோய் தொடங்கியது 52 ஆம் அகவையில். முதலில் நாக்கு சிவந்து, மேலிருக்கும் சொரசொரப்பு மறைந்து வழவழப்பாயிற்று. மிளகு ரசம் பட்டால் தீப்பட்டது போல் எரியும். இரண்டு இட்லி உண்டால் நான்கு உண்டது போல் வயிறு உப்பும். வாரத்தில் மூன்று நாள் கழிச்சல். மூன்றாண்டுகளில் 58 கிலோவாக இருந்த எடை 44 ஆயிற்று.

அடுத்துக் கால்கள். தரையில் நடந்தாலும் பஞ்சின்மேல் நடப்பது போன்ற உணர்வு. செருப்பு காலைவிட்டுக் கழன்று போனதை அறியாமல் பள்ளி வளாகத்தில் பாதி தூரம் நடந்திருக்கிறேன். விளக்கணைந்தால் தள்ளாடுவேன். குளியலறையில் முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தால்தான் நிற்க முடியும். ஒருநாள் வகுப்பில் மணிமேகலை நடத்திக்கொண்டிருந்தேன். முப்பதாண்டுகளாக மனத்தில் இருந்த பகுதி. நடுவில் நின்றுவிட்டது. மாணவியரில் ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். அன்று மாலை வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

இதை நான் எவ்வாறு பொருள்கொண்டேன் என்பதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆயினும் சொல்கிறேன். அசாதா வேதனீயம் உதயத்துக்கு வந்துவிட்டது, பொறுத்துக் கழிப்பதே வழி என்று எண்ணினேன். அட்டமி, சதுர்த்தசி நோன்புகளோடு நில்லாமல், பிற நாள்களிலும் ஒருவேளை உணவு என்று குறைத்துக்கொண்டேன். உண்ணாத நாளில் வயிறு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைத் தவத்தின் பயன் என்றே நம்பினேன். வேலை இல்லாத வயிறு உப்பாமல் இருந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

மருத்துவரிடம் போகாமலும் இல்லை. இரத்தசோகை என்றார் ஒருவர். இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையும், வயிற்றெரிச்சலுக்கு ஒரு மாத்திரையும் தந்தார். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 8 லிருந்து 11 ஆயிற்று. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் கால்கள் மட்டும் முன்னைவிட மோசமாயின. "இரத்தம் ஏறிவிட்டதே, இனி மனம்தான் காரணம்" என்றார்கள். நானும் அதை ஏற்றுக்கொண்டு மேலும் ஓராண்டை இழந்தேன்.

கடைசியில் இம்மாவட்டத்தைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் அம்மையார் ஒருவர்தான் நோயைக் கண்டுபிடித்தார். இசைக்கவையைத் தட்டி என் கணுக்கால் எலும்பில் வைத்து, "அதிர்வு தெரியுதா டீச்சர்?" என்று கேட்டார். தெரியவில்லை. முழங்காலில் வைத்தார். மங்கலாகத் தெரிந்தது. இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பார்க்கச் சொன்னார். 90 பிகோகிராம் என்று வந்தது. 200 க்குக் கீழ் போனாலே குறைவு என்று கொள்வார்கள். பின்னர் எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் உட்சுவர் மெலிந்து தேய்ந்திருப்பது தெரிந்தது.

அவர் எனக்கு விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். பி12 என்னும் சத்து நமக்கு நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். அத்துணைச் சிறிய அளவு. ஆனால் அது தானாக உடம்பில் சேராது. இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, சிறுகுடலின் கடைக்கோடியில் ஒப்படைக்க வேண்டும். எனக்கு உடம்பின் காவற்படையே இரைப்பைச் சுவரைப் பகையென்று கருதி அழித்துவிட்டது. அழைத்துச் செல்ல ஆளில்லை. கல்லீரலில் இருந்த சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கிற்று, பிறகு தீர்ந்தது. புது இரத்தம் ஊறுவதற்கும், நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்புறை கெடாதிருப்பதற்கும் இச்சத்து வேண்டும். போலிக் அமிலம் மிகுதியாகக் கிடைத்தால் இரத்தம் ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். நரம்பால் அது முடியாது. என் இரத்தம் தேறியதும் கால் தளர்ந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததன் காரணம் இதுவே. இரைப்பையின் அமிலமும் குறைந்துவிட்டபடியால் சிறுகுடலில் இருக்கக் கூடாத நுண்ணுயிர்கள் பெருகி, உப்பலும் கழிச்சலும் உண்டாயின. எனக்கு எரிச்சல் மாத்திரை தந்தார்களே, அணைந்துபோன அடுப்பில் நீர் தெளித்த கதைதான்.

இவ்விடத்தில் என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கும் இதே எரியும் நாக்கு, இதே தள்ளாட்டம். 1960 களில் எங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவர் கல்லீரல் சத்து ஊசி போட வேண்டும் என்றார். விலங்கின் கல்லீரலிலிருந்து எடுப்பது என்று அறிந்ததும் தாயார் மறுத்துவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தியிருந்தாலும் இசைந்திருக்க மாட்டார். கடைசி ஈராண்டுகள் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். அவருடைய உறுதியை நான் இன்றும் வணங்குகிறேன். ஆனால் அவர் மறுத்த காலத்திலேயே விலங்கின் உடல் தேவைப்படாத மருந்து உலகில் வந்துவிட்டிருந்தது என்பதைப் பின்னாளில் படித்தபோது, நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அமர்ந்திருந்தேன்.

அந்த வரலாறு நீண்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1926 இல் மைனட், மர்ஃபி என்னும் அமெரிக்க மருத்துவர்கள், உயிர்கொல்லியாக இருந்த ஒருவகை இரத்தசோகை கல்லீரலை உண்ணக் கொடுத்தால் தணிகிறது என்று கண்டார்கள். அதன்பின் சில ஆண்டுகளில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கருவுற்ற பெண்களின் சோகைக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துத் தீர்த்தார். போலிக் அமிலத்தின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. கல்லீரலில் இருந்த பொருளைச் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1948 இல். அதன் அமைப்பை டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் 1956 இல் கண்டறிந்தார். 1964 இல் நோபெல் பரிசு பெற்றார். இப்பொருளை விலங்கும் செய்வதில்லை, செடியும் செய்வதில்லை, நுண்ணுயிர்களே செய்கின்றன. ஆகையால் இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் பி12 தயிர் உறைவது போன்றதொரு நொதித்தலால் ஆக்கப்படுவது. நுண்ணுயிரும் உயிரல்லவா என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். உண்மைதான். அந்தக் கேள்வி நாம் நாளும் உண்ணும் தயிருக்கும் உண்டு. இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட அணுவிரதம் இயங்கும் உயிர்களை எண்ணிக் கொல்லாமை என்பதை அவருக்கு நினைவூட்டினேன். கூட்டுறை மாத்திரைகளில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: அந்த உறை பெரும்பாலும் ஜெலட்டின், விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. உறையில்லாத மாத்திரை என்று கேட்டு வாங்கலாம்.

நம் முன்னோர்க்கும் இந்தக் கவலை இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், உக்கிராதித்தியாசாரியார் கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலை இயற்றினார். மாமிசம், மது, தேன் இவற்றை விலக்கி மருந்து கூறும் நூல் அது. "மருந்தில் குற்றம் இருக்கிறது, ஆகவே மருந்தே வேண்டா" என்று அவர் விட்டுவிடவில்லை. குற்றமில்லாத மருந்தைத் தேடினார்.

இனி ஆசாரியாரிடம் வருகிறேன். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை அருளிய சமந்தபத்திரரை நாம் அறிவோம். அந்நூலின் வழிவந்த அருங்கலச் செப்பு நம் வீடுகளில் ஓதப்படுவது. அவருக்குப் பஸ்மக வியாதி வந்தது என்பது மரபு. சிரவணபெளகொளத்துப் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றும் அவர் பஸ்மகத்தை வென்றதைப் புகழ்கிறது. எவ்வளவு உண்டாலும் சாம்பலாக்கிவிடும் தீராப்பசி நோய் அது. தமிழில் இதற்கு யானைத்தீ என்று பெயர். பௌத்த காப்பியமான மணிமேகலையில், பொதியில் மலைப் பக்கம் வந்த காயசண்டிகை, விருச்சிக முனிவனின் நாவற்கனியைச் சிதைத்துச் சாபம் பெற்றுப் பன்னீராண்டு துன்புற்றாளே, அதே நோய். வகுப்பில் நான் மறந்து நின்றதும் அவள் கதையில்தான். அவளுக்குத் தீ மிகுந்தது. எனக்குத் தீ அவிந்தது. இரண்டிலும் உண்டது உடம்பில் சேர்வதில்லை.

துறவி ஒருவர் நாளுக்கு ஒருமுறை, கையில் இடப்பட்டதை நின்றபடி உண்பவர். அவருக்கு இந்நோய் வந்தால் என் செய்வார்? சமந்தபத்திரர் தம் குருவிடம் சென்று சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குரு மறுத்தார். உனக்கு ஆயுள் இருக்கிறது, உன்னால் அறத்துக்கு ஆக வேண்டியது இருக்கிறது. துறவுக்கோலத்தை விட்டுவிட்டுப் போய், நோய் தீரும்வரை வயிறார உண், தீர்ந்தபின் வந்து மீண்டும் தீட்சை பெறு என்றார். ஒரு துறவிக்கு இதைவிடக் கடினமான கட்டளை இருக்குமா? அவர் கீழ்ப்படிந்தார். காஞ்சி என்றும் காசி என்றும் இருவகையாகச் சொல்லும் ஊரில், சிவகோடி மன்னனின் சிவன் கோயிலில், படைக்கப்பட்ட பெருஞ்சோற்றை நாள்தோறும் கதவடைத்து உண்டார். மாதங்கள் சென்றன. நோய் தணியத் தணியச் சோறு மீந்தது. மீந்த சோறே அவரைக் காட்டிக்கொடுத்தது. மன்னன் சினந்தபோது அவர் இருபத்துநால்வரைத் துதித்துச் சுயம்பு தோத்திரம் பாடினார், சந்திரப்பிரப தீர்த்தங்கரரைப் பாடுகையில் திருவுருவம் தோன்றிற்று என்பது கதையின் மேற்பகுதி. அவ்வற்புதத்தைப் பலரும் விரித்துப் பேசியிருக்கிறார்கள். என் மனம் நிற்பது மீந்த சோற்றில். நோய் நீங்கியதற்கு அடையாளமாக ஓர் உண்கலத்தில் சோறு மீந்ததைச் சொல்லும் கதை வேறு எந்த சமயத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆசாரியாரே சல்லேகனைக்குரிய காலங்களைத் தம் நூலில் வகுத்தவர். இடையூறு, பஞ்சம், மூப்பு, பிணி என நான்கு; அவையும் மாற்று வழி இல்லாதவையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இட்டார். அந்த அடைமொழியை நான் எத்தனையோ முறை படித்துக் கடந்துபோயிருக்கிறேன். என் நோய்க்கு மாற்று இருந்தது. மாதம் ஒரு சிறு ஊசி. அதைத் தேடாமல் உணவைக் குறைத்ததை நோன்பு என்று சொல்லிக்கொண்டேன்.

ஊசி முதலில் ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று, ஆயுள் முழுவதும். ஊசிக்கு அஞ்சுவோர்க்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரையும் பெரும்பாலும் உதவும். அழைத்துச் செல்லும் புரதம் இல்லாமலே அதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே சென்றுவிடும். எதை, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாக்கின் எரிச்சல் பத்தே நாளில் நின்றது. மறதி ஆறு மாதத்தில் தெளிந்தது. கால்கள் முழுமையாகத் திரும்பவில்லை. நெடுநாள் பட்டினி கிடந்த நரம்பு எல்லாம் மீளாது. இன்றும் கணுக்காலுக்குக் கீழே எனக்கு மங்கல்தான். இரவில் விளக்கில்லாமல் எழுவதில்லை, கைத்தடி இல்லாமல் வெளியே போவதில்லை.

உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடை ஏற இரவில் பால் அருந்தச் சொன்னார் மருத்துவர். நான் இரவுண்ணாமையைச் சொன்னேன். அவர் கிறித்தவர், சற்றும் முகம் சுளிக்கவில்லை. "அப்போ காலையில சீக்கிரம் தொடங்குங்க டீச்சர். பொழுது சாயறதுக்குள்ள ஆறு தடவை சாப்பிடணும். எப்படிப் பங்கு போடுறீங்கங்கிறது உங்க பாடு" என்றார். பங்கு போட்டேன். விடிந்ததும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்த உளுந்தங்கஞ்சி. இது நாஞ்சில் நாட்டு வீடுகளில் நான் கற்றுக்கொண்டது. மெலிந்த உடம்புக்கு இதைவிட நல்லது கிடையாது. நடுவில் ஒரு மட்டிப்பழம். கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. சிறிய பழம், வயிற்றில் பாரமாக நிற்காது. நண்பகலில் குழைந்த சோறு, முருங்கைக்கீரை, அன்றன்று உறையிட்ட தயிர். பிற்பகலில் கஞ்சியும் சிறுபயறும். மற்ற இருவேளையும் இவற்றில் ஏதேனும் ஒன்று, சிறிது. வயிற்றில் கால் பங்குக்கு மேல் ஒருபோதும் நிரப்புவதில்லை. இப்போது 53 கிலோ இருக்கிறேன். அட்டமியன்று உணவை விடுவதில்லை. சுவைகளில் ஒன்றை விடுகிறேன். உப்பையோ இனிப்பையோ. அதுவும் புறத்தவங்களில் ஒன்றுதான்.

நலமான குடல் உள்ளவர்க்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் பாலும் தயிருமே இச்சத்தின் பெரும்பகுதியைத் தந்துவிடும். ஆனால் பாலை வற்ற வற்றக் காய்ச்சினால் அதில் ஒரு பங்கு அழியும். பழங்கஞ்சியில் இருக்கிறது, சுருள்பாசியில் இருக்கிறது என்று சொல்வதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் அதைப்போல் தோற்றம் தரும், உடம்புக்குப் பயன்படாத வேறொரு பொருள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நெடுநாள் உண்பவர்களும், வாயுத்தொல்லை என்று அமிலம் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களும் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். இரண்டுமே பி12 சேர்வதைக் குறைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டா. இரத்தத்தில் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கருவுற்ற மருமகள்களை, மகள்களைக் குறிப்பாகக் கவனியுங்கள். தாயிடம் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். குழந்தை தலை நிற்காமல், சிரிப்பு மறந்து, கைகால் நடுங்கும். இரும்பு, போலிக் மாத்திரையோடு இதையும் மருத்துவரிடம் கேட்டுப் பெறுவது நம்மைப் போன்ற உணவுமுறை உள்ளவர்களுக்கு இன்றியமையாதது.

எங்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் 1960 களின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் பரவிய ஒருவகைக் கழிச்சல் நோயை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கரும் மாத்தனும் ஆராய்ந்தார்கள். பி12, போலிக் இரண்டையும் குடல் ஏற்க மறுக்கும் நோய் அது. சைவ உணவினர் மட்டுமல்ல, எல்லோரையும் அது தாக்கிற்று. ஆகவே இது நம் உணவின் குற்றம் என்று யாரேனும் சொன்னால் தலைகுனிய வேண்டியதில்லை. என் நோயும் உணவால் வந்ததன்று.

வீட்டில் இருப்போருக்கு ஒன்று. தவம் பன்னிரண்டு, புறத்தவம் ஆறில் உண்ணாமை முதலாவது. அகத்தவம் ஆறில் வையாவிருத்தியம் இருக்கிறது, நோயுற்றவர்க்குச் செய்யும் பணிவிடை. என் கணவர் பல்லாண்டுகளாக மாதந்தோறும் நாள்காட்டியில் ஊசி நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுகிறார். நோன்பு அதிகம் நோற்பவர் அல்லர் அவர். நான் அதைக் குறையாகச் சொன்ன காலமும் உண்டு.

நேற்று நீங்கள் ஏறிய திருச்சாரணத்து மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டைக் கண்டிருப்பீர்கள். அரிட்டநேமி பட்டாரகரின் மாணாக்கி குணந்தாங்கிக் குறத்திகள் பொன் அணி அளித்ததைச் சொல்வது. குறத்தி என்றால் பெண் குரு. ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு அவ்வெழுத்தைக் காண்பதில் ஒரு தனி நிறைவு. 44 கிலோவில் இருந்தபோது அடிவாரத்திலிருந்தே வணங்கித் திரும்பினேன். நேற்று பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லையும் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஏறினேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். பையில் மட்டிப்பழம் இருந்தது.

உணவுக்குப் பின் பின்புறத் தாழ்வாரத்தில் இருப்பேன். இரத்தப் பரிசோதனைத் தாள் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எந்த வரியைக் காட்டி மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லித் தருவேன்.